சாதாரணமான ஒரு முகம்

விளைந்து சாய்ந்த நெல் வயல். நடுவில் ஒரு மண்பாதை, பாதையோரம் வாய்க்கால், வாய்க்காலின் மேல் சிமெண்டுப் பலகை. அதன்மேல் ஒரு சின்னப் பையன் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். விவசாயியின் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த துப்பறியும் போலீஸ்காரர் இறங்கி, குனிந்து, பலகைக்குக் கீழே இருட்டில் எட்டிப் பார்க்கிறார். உள்ளே கைகள் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் உடல். வயலில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அவர் அதட்டுகிறார். பலகைமேல் இருக்கும் பையன் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிறான். அவர் முகத்தைச் சுளித்தால் இவனும் சுளிக்கிறான்.

பொங் ஜூன்-ஹோ இயக்கிய ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ இப்படித்தான் தொடங்குகிறது. 2003-ல் வந்த படம், அவருடைய இரண்டாவது படம். கொரியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். ‘பாரசைட்’ வழியாக அவரைத் தெரிந்துகொண்டவர்களில் பலர் இதை இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கதையின் முடிவு வரை இங்கே பேசப்போகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது.

நான் இதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். 2012-ல் முதல் தடவை, 2019-ல் இரண்டாவது, 2021 தொடக்கத்தில் மூன்றாவது. மூன்று தடவையும் படம் அதேதான், ஒரு பிரேம்கூட மாறவில்லை. ஆனால் நடுவே நிஜத்தில் நடந்த சில விஷயங்கள் வெளியே வந்தன. அதற்குப் பிறகு, முதல் தடவை நான் சிரித்த இடங்களில் என்னால் சிரிக்க முடியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் பெயர். கொரிய மொழியில் படத்தின் பெயர் ‘சாரினே சுஒக்’. சுஒக் என்பது வெறும் நினைவு இல்லை. பள்ளிக்கூட நாட்கள், பழைய காதல், ஊர்த் திருவிழா போன்றவற்றை நினைத்து உருகும்போது கொரியர்கள் சொல்லும் சொல் அது. நாம் ‘அந்த நாள் ஞாபகம்’ என்று இழுத்துச் சொல்வோமே, அந்த இனிப்பு உள்ள சொல். அதைக் கொண்டுபோய்க் கொலையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாருக்கு அது இனிய நினைவு? கொன்றவனுக்கா, தேடியவனுக்கா? பெயரிலேயே அந்தச் சங்கடத்தை வைத்துவிட்டார் பொங்.

நடந்த கதை இது. சியோலுக்குத் தெற்கே கியோங்கி மாகாணத்தில் ஹ்வாசோங் என்று ஒரு பகுதி. 1986 செப்டம்பரில் தொடங்கி 1991 ஏப்ரல் வரை அங்கே பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். 13 வயதுச் சிறுமியிலிருந்து 71 வயதுப் பாட்டி வரை. கைகளைக் கட்டவும் கழுத்தை நெரிக்கவும் பல சமயம் அவர்களுடைய துணிகளே பயன்பட்டன. போலீஸ்காரர்கள் செலவிட்ட வேலை நாட்களைக் கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டும். 21,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். உண்மைக் கொலைகாரன் மட்டும் சிக்கவில்லை. அந்த வழக்கை வைத்து 1996-ல் ஒரு மேடை நாடகம் வந்தது. கிம் குவாங்-ரிம் எழுதியது. அந்த நாடகமும் பொங் தானே அலைந்து சேகரித்த விவரங்களும் சேர்ந்துதான் படமாயின. படம் வந்தபோது கொலைகாரன் யார் என்று யாருக்கும் தெரியாது. துப்பறியும் கதையில் விடை இல்லாமல் படம் எடுத்தார் அவர்.

2012-ல் நான் அதை மேன்ஷன் அறையில் ஒரு நண்பனின் லேப்டாப்பில் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர், ஒரே கட்டில். சியோலிலிருந்து தானாக விரும்பி வரும் அதிகாரி ஸோ டே-யூன் (கிம் சாங்-க்யுங்) வயல் பாதையில் ஒரு பெண்ணிடம் வழி கேட்கப் போகிறார். அவள் பயந்து ஓடிக் கீழே விழுகிறாள். அவளைத் தூக்கிவிடக் கை கொடுக்கிறார். உள்ளூர் போலீஸ்காரர் பார்க் டூ-மான் (சாங் காங்-ஹோ) அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இவன்தான் அவன் என்று முடிவு கட்டி, ஓடிவந்து இரண்டு காலையும் தூக்கி மார்பில் உதைக்கிறார். இருவருக்கும் அறிமுகமே அப்படித்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். ரீவைண்ட் செய்து இன்னொரு தடவை பார்த்தோம்.

அதே போலத்தான் ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் அறையும். பார்க்கின் கூட்டாளி சோ யோங்-கூ பேசுவதே குறைவு, உதைப்பதுதான் வேலை. உதைக்கும் முன் பூட்ஸுக்கு மேல் துணி உறையை மாட்டிக்கொள்வார். தடம் விழக்கூடாது. மனவளர்ச்சி குறைந்த பேக் குவாங்-ஹோ என்ற இளைஞனைப் பிடித்து வந்து உதைக்கிறார்கள். கொலையை எப்படிச் செய்தான் என்று அவனுக்கே சொல்லிக்கொடுத்து, அதையே அவனைத் திருப்பிச் சொல்லவைத்து, வாக்குமூலம் என்று பதிவு செய்கிறார்கள். அவனுடைய ஷூவை எடுத்துப்போய்ச் சேற்றில் அழுத்தி, காலடித் தடத்தையும் தயாரித்துவிடுகிறார் பார்க். அப்புறம் மனசு கேட்காமல் அவனுக்குப் புது ஷூ ஒன்று வாங்கித் தருகிறார். நைக்கி மாதிரியே இருக்கும், ஆனால் எழுத்து ‘நைஸ்’. அந்த எழுத்தைப் பார்த்து எங்களுக்கு இன்னும் ஒரு சிரிப்பு.

உதைத்தவர்களும் உதை வாங்கியவனும் ஒன்றாக உட்கார்ந்து கருப்பு நூடுல்ஸ் சாப்பிடும் காட்சி வரும். எதிரே டிவியில் போலீஸ் துப்பறியும் தொடர் ஓடுகிறது. தொடரின் இசையை மூன்று பேரும் சேர்ந்து முனகுகிறார்கள். அந்த நிமிடத்தில் அவர்களுக்குள் பகையே இல்லை. அவன் வாயோரம் கருப்புச் சாறு வழிகிறது. ஒரு குடும்பம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது இதில் ஒரு மனிதத்தன்மை இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது அந்தக் காட்சிதான் படத்திலேயே எனக்கு அதிகப் பயம் தருவது. அடிப்பது அவர்களுக்குக் கோபத்தில் செய்கிற காரியம் இல்லை. காலையில் ஆபீஸ் திறப்பது போல, மத்தியானம் சாப்பிடுவது போல அன்றாட வேலை. அதனால்தான் அடித்துவிட்டு அவனோடு சேர்ந்து சாப்பிட முடிகிறது.

பார்க் டூ-மானுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. முகத்தைப் பார்த்தாலே, கண்ணுக்குள் பார்த்தாலே ஆள் யார் என்று சொல்லிவிடுவேன் என்பார். பூசாரியின் கண் தனக்கு இருப்பதாக ஊரார் சொல்கிறார்கள் என்று பெருமை வேறு. மேலதிகாரி அவரைச் சோதித்துப் பார்ப்பார். ஸ்டேஷனில் இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் பலாத்காரம் செய்து பிடிபட்டவன், இன்னொருவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். “எவன் யாருன்னு சொல்லு பார்ப்போம்” என்கிறார் அதிகாரி. பார்க் உற்றுப் பார்க்கிறார். கேமரா இரண்டு முகங்களையும் நமக்குக் காட்டுகிறது. நாமும் பார்க்கிறோம், நாமும் மனசுக்குள் ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறோம். விடையைப் படம் சொல்வதே இல்லை. அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

எங்கள் அறையில் மூன்று பேரும் இடப்பக்கம் இருப்பவன்தான் என்று சொன்னோம். ஏன் சொன்னோம்? முகத்தைப் பார்த்துத்தான்.

சியோல்காரர் ஸோ வேறு ரகம். ஆவணம் பொய் சொல்லாது என்பதுதான் அவருடைய வேதம். அமெரிக்காவில் நிலம் பெரிசு, அதனால் எஃப்.பி.ஐ.காரன் மூளையை உபயோகிக்கிறான், நம்ம ஊர் கையகலம், காலால் நடந்தே கண்டுபிடிக்கலாம் என்று பார்க் அவரிடம் விளக்குவார். ஸோ காகிதங்களைப் புரட்டி, மழை பெய்த இரவுகளில்தான் கொலை நடக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். காணாமல் போனவர்களின் பட்டியலிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு பிணம் எங்கே கிடக்கும் என்று சொல்கிறார், அங்கே தோண்டினால் இருக்கிறது. ஸ்டேஷனில் காபி கலந்து கொடுக்க வைக்கப்பட்டிருக்கும் பெண் காவலர் குவோன் குய்-ஓக் அதைவிட நுணுக்கமான ஒன்றைக் கவனிக்கிறார்: கொலை நடக்கும் ஒவ்வொரு இரவிலும் ரேடியோவில் யாரோ ஒரே பாட்டைக் கேட்டு எழுதிப் போடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த பெண்ணைப் போலீஸ் எப்படிப் பயன்படுத்துகிறது தெரியுமா? சிவப்பு உடை போட்டு மழையில் நடக்கவிட்டுத் தூண்டில் புழுவாக்குகிறது.

ஒரு பக்கம் அறிவு, இன்னொரு பக்கம் கைமுஷ்டி, கடைசியில் அறிவுதான் ஜெயிக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். பொங் அதைச் செய்யவில்லை. படம் போகப் போக இரண்டு பேரும் இடம் மாறுகிறார்கள். பார்க் அடிப்பதை நிறுத்தி, சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறார். ஸோ மெல்ல மெல்லத் தன் ஆவணங்களை விட்டு விலகிக் கையை ஓங்கத் தொடங்குகிறார்.

அது எங்கே உடைகிறது என்று எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும். ஒரு பிளாஸ்திரியில். விசாரணைக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒரு மாணவியிடம் பேச்சுக் கொடுக்கிறார் ஸோ. அவள் இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு காயம். இவரே பிளாஸ்திரியை ஒட்டிவிடுகிறார். அண்ணன் தங்கைக்குச் செய்வது போல, இரண்டு நொடி வேலை. பின்னால், மழையில் நனைந்த காட்டுக்குள் ஒரு உடல் கிடக்கிறது. இவர் வந்து பார்க்கிறார். சட்டை விலகிய முதுகில் அந்தப் பிளாஸ்திரி. அதுவரை அவருக்குக் கொலையானவர்கள் எல்லோரும் கோப்புகள். இவள் கோப்பு இல்லை. அதற்கு மேல் அவரால் காகிதத்தோடு இருக்க முடியவில்லை.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தப் படம் புரியாது. 1986-87 என்பது சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சியின் கடைசிக் கட்டம். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற மாணவரைப் போலீஸ் தண்ணீரில் முக்கிச் சித்திரவதை செய்ததில் அவர் இறந்துபோனார். அந்த ஜூனில் நாடே தெருவுக்கு வந்தது. படத்தில் இதெல்லாம் நேராக வராது, ஓரத்தில் வரும். இன்று ராத்திரி கொலை நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்து, கூடுதல் படை கேட்டுப் போன் செய்கிறார்கள். எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள், ஆள் இல்லை என்று பதில் வருகிறது. இன்னொரு இடத்தில் போர்க்கால ஒத்திகை. சைரன் ஊதுகிறது, ஊர் முழுக்க விளக்கை அணைக்கிறார்கள், கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்குகிறது. அந்த இருட்டில்தான் ஒரு பெண் பிள்ளை இழுத்துச் செல்லப்படுகிறாள். இருட்டை உண்டாக்கியது அரசாங்கம். படத்தில் யாரும் இதை வசனமாகச் சொல்வதில்லை. ஷட்டர் இறங்கும் சத்தம் சொல்கிறது.

வயலில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நிற்கும். சரணடையாவிட்டால் கைகால் அழுகிச் சாவாய் என்று அதில் எழுதியிருக்கும். நிஜ வழக்கிலும் போலீஸ் அப்படி ஒரு பொம்மையை நட்டு வைத்திருந்தது. கொலைகாரனுக்கு விட்ட சாபம். ஆனால் படத்தில் கால் அழுகுவது யாருக்கு? உறை மாட்டி உதைத்த சோ யோங்-கூவுக்கு. சாப்பாட்டுக் கடையில் டிவி செய்தி ஓடுகிறது. விசாரணைக்கு வந்த பெண்ணைப் பாலியல் சித்திரவதை செய்த ஒரு போலீஸ்காரரைப் பற்றிய செய்தி. அங்கிருக்கும் இளைஞர்கள் போலீஸைத் திட்ட, சோ குடிவெறியில் அடிக்கப் பாய, கலவரத்தில் குவாங்-ஹோ ஆணி அடித்த கட்டையால் அவர் காலில் போடுகிறான். துருப்பிடித்த ஆணி. காலை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் பொம்மையையும் காலையும் சேர்த்து யோசித்தேன். கொஞ்ச நேரம் படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, சுரங்கப்பாதைக்கு வருகிறேன்.

கடைசிச் சந்தேகப் பேர்வழி பார்க் ஹியோன்-க்யூ. பார்க் ஹே-இல் நடித்தது. தொழிற்சாலையில் எழுத்து வேலை பார்ப்பவன். மென்மையான கைகள், வெளுத்த முகம், அசையாத பார்வை. பாட்டுக் கேட்டு எழுதிப் போட்டவன் அவன்தான். எல்லாம் பொருந்துகிறது. கொரியாவில் அப்போது டி.என்.ஏ. சோதனை வசதி இல்லை, மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆனால் மாணவியின் உடலைப் பார்த்த ஸோவால் காத்திருக்க முடியவில்லை. மழையில் அவனை ரயில்வே சுரங்கத்தின் வாசலுக்கு இழுத்துவந்து அடித்து, துப்பாக்கியை நீட்டுகிறார். பார்க் டூ-மான் அமெரிக்கக் கடிதத்தோடு ஓடி வருகிறார். பிரித்துப் படித்தால், பொருந்தவில்லை என்று இருக்கிறது. ஆவணம் பொய் சொல்லாது என்று வாழ்ந்த மனிதர் இந்த ஆவணம் பொய் என்று கத்துகிறார். ரயில் வந்து காகிதத்தைச் சிதைத்துவிட்டுப் போகிறது.

பிறகு பார்க் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, என் கண்ணைப் பார் என்கிறார். வெகுநேரம் பார்க்கிறார். மழைநீர் இரண்டு முகத்திலும் வழிகிறது. கடைசியில், தெரியவில்லை என்கிறார். வாழ்நாள் முழுக்க முகத்தைப் பார்த்தே ஆளைச் சொன்ன மனிதர் எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறார்: “பபுன் மொக்கோ தானின்யா?”

இந்த வசனத்தைச் சாங் காங்-ஹோ தானே யோசித்துச் சொன்னதாகக் கொரியாவில் எல்லோருக்கும் தெரியும். ‘பப்’ என்றால் சோறு. பொதுவாகச் சாப்பாட்டுக்கும் அதே சொல். எங்கேயாவது பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்று நலம் விசாரிப்பது அவர்களுக்கும் உண்டு. ஆங்கில சப்டைட்டிலில் படித்தபோது அந்த வரி எனக்கு ஒட்டவே இல்லை. தமிழில் வைத்தால் நேராக உள்ளே இறங்குகிறது: “சோறாவது ஒழுங்கா திங்கிறியா?” வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடம் அப்பா போனில் கேட்பது அது. திட்டுவதற்கும் அதையேதான் சொல்வோம். இவ்வளவு செய்துவிட்டு உனக்குச் சோறு இறங்குகிறதா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. நீயும் என்னைப் போல ஒரு ஆள்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. பார்க் எதைக் கேட்டார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்கே தெரிந்திருக்காது. போய்த் தொலை என்று அவனை அனுப்பிவிடுகிறார். விலங்கு மாட்டிய கையோடு அவன் சுரங்கத்தின் இருட்டுக்குள் தள்ளாடிப் போகிறான்.

முதல் தடவை பார்த்தபோது அவன்தான் கொலைகாரன் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சுட்டிருக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். நண்பர்களில் ஒருவன் மட்டும், லெட்டரில்தான் இல்லையென்று போட்டிருக்கிறதே என்றான். அவனுக்கு மூளை இல்லை என்று சொன்னேன்.

2019 செப்டம்பரில் செய்தி வந்தது. பழைய வழக்கின் பாதுகாத்து வைத்த தடயங்களை மறுபடி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியதில் ஒருவனுடையது பொருந்திவிட்டது. பெயர் லீ சுன்-ஜே. அவனைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. 1994-ல் மனைவியின் தங்கையைக் கொன்ற குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று புசான் சிறையில்தான் இருந்தான். மொத்தம் 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். இந்த வழக்குகளுக்காக அவனைத் தண்டிக்க முடியாது. அன்றைய சட்டப்படி கொலைக்கு வழக்குத் தொடரக் கெடு 15 ஆண்டு. கடைசிக் கொலையின் கெடு 2006 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கெடுவைக் கொரியா முழுதாக நீக்கியது 2015-ல்தான்.

அன்று ராத்திரியே படத்தை மறுபடி போட்டேன். லீ சுன்-ஜேவை அந்தக் காலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை விசாரித்திருக்கிறார்கள். கொலைகாரனின் ரத்தம் பி வகை என்று போலீஸ் தப்பாக நம்பியது. அவனுக்கு ஓ. அதனால் விட்டுவிட்டார்கள். 2020 நவம்பரில் சுவோன் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி அவன் சொன்னான்: போலீஸ்காரர்கள் எத்தனையோ தடவை எதிரே வந்தார்கள், என்னிடம் மற்றவர்களைப் பற்றித்தான் கேட்டார்கள். தடயத்தை மறைக்க அவன் பெரிதாக மெனக்கெடவும் இல்லையாம், சுலபமாகப் பிடித்துவிடுவார்கள் என்றே நினைத்தானாம். தொடர்கொலைகாரன் என்றால் பெரிய மூளைக்காரன் என்று நமக்குச் சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. இவன் எந்த மூளையையும் உபயோகிக்கவில்லை. தேடியவர்கள் வேறு திசையில் மும்முரமாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தத் திசையில் ஒருவர் இருந்தார். லீ சுன்-ஜே அன்று கூண்டில் ஏறியது அவருக்காக நடந்த மறுவிசாரணையில்தான். 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி வீட்டில் தன் அறையிலேயே கொல்லப்பட்டாள். ஹ்வாசோங் கொலைகளில் எட்டாவது. அது மட்டும் மற்றக் கொலைகளைப் பார்த்து வேறு யாரோ அதே மாதிரி செய்தது என்று போலீஸ் முடிவு கட்டியது. விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த 22 வயது இளைஞரை 1989-ல் பிடித்தார்கள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சரியாக நடக்காது. தூங்கவிடாமல் மூன்று நாள் வைத்து அடித்தார்கள் என்று அவர் சொன்னார். ஒப்புதல் வாக்குமூலம் வந்தது. அதோடு ஒரு முடியை வைத்துச் செய்த அறிவியல் பரிசோதனை அறிக்கையும் வந்தது. அதுவும் தப்பான அறிக்கை என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. கொலைகாரன் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்தான் என்பது வழக்கு. அந்தக் காலோடு எப்படிச் சுவர் ஏறுவது என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை, பிறகு அது 20 ஆண்டாகக் குறைந்தது. 2009-ல் பரோலில் வெளியே வந்தார். 2020 டிசம்பர் 17-ம் தேதி நீதிமன்றம் அவர் நிரபராதி என்று சொல்லி மன்னிப்பும் கேட்டது. அவர் பெயர் கொரியப் பத்திரிகைகளில் வந்ததுதான். ஆனாலும் நான் இங்கே எழுதவில்லை. இத்தனை வருடம் அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

அவர் மட்டுமில்லை. வேறு சந்தேகத்தில் பிடிபட்டு அடிபட்டவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பொங் ஜூன்-ஹோவுக்கு 2003-ல் உண்மைக் குற்றவாளி யாரென்று தெரியாது. ஆனால் யார் குற்றவாளி இல்லை என்பதை அவர் படம் முழுக்க ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போனார். அடித்து வாங்கிய வாக்குமூலம், சேற்றில் அழுத்திய ஷூ, சொல்லிக்கொடுத்த கதை. நாங்கள் சிரித்த காட்சிகள் அத்தனையும் அதுதான். 2020 டிசம்பரில் அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படித்தபோது என் காதில் கேட்டது 2012-ல் மேன்ஷன் அறையில் எழுந்த எங்கள் சிரிப்பு.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. ஹ்வாசோங் மக்கள் தங்கள் ஊரின் பெயரைக் கொலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்று கேட்டு, 2019 டிசம்பரில் போலீஸ் வழக்கின் பெயரையே ‘லீ சுன்-ஜே தொடர்கொலை’ என்று மாற்றியது. முப்பது வருடம் ஒரு ஊர் சுமந்தது உரியவனின் தலைக்குப் போனது.

மூன்றாவது தடவை ஊரில் வீட்டில் பார்த்தேன். 2021 பொங்கல் லீவு. அம்மா பக்கத்தில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு சப்டைட்டில் எழுத்து ஓடும் வேகத்துக்குப் படிக்க வராது. அப்பப்போ என்னடா சொல்றான் என்று கேட்பார், நான் சொல்வேன். குவாங்-ஹோவை உதைக்கும்போது கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “இந்தப் புள்ளைய எதுக்குடா அடிக்கிறானுவ, அதுக்கு ஒண்ணும் தெரியாதே” என்றார். படம் ஆரம்பித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

சுரங்கக் காட்சி வந்தது. “என்ன கேட்டான்?” என்றார். சோறு ஒழுங்கா திங்கிறியான்னு கேட்டான்மா என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, “பெத்தவன் கேக்குற மாதிரி கேக்குறான்” என்று மட்டும் சொன்னார்.

கடைசிக் காட்சி 2003-ல் நடக்கிறது. பார்க் டூ-மான் போலீஸ் வேலையை விட்டுவிட்டார், ஜூஸ் எந்திரம் விற்கும் வியாபாரி. கோட்டு போட்டிருக்கிறார், குடும்பம் இருக்கிறது. காலையில் மகனிடம் ராத்திரி முழுக்க கேம் விளையாடினாயா, என் கண்ணைப் பார் என்கிறார். பழக்கம் போகவில்லை. வியாபார வேலையாகப் போகும் வழியில் அந்த வயலோரம் வண்டியை நிறுத்தி இறங்குகிறார். அதே நெல், அதே வாய்க்கால். குனிந்து பலகைக்குக் கீழே பார்க்கிறார். ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு சிறுமி நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். கொஞ்ச நாள் முன்னால் இன்னொருவரும் இதே மாதிரி எட்டிப் பார்த்தார் என்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, ரொம்ப நாள் முன்னால் இங்கே ஒன்று செய்தேன், அது ஞாபகம் வந்தது, அதான் பார்க்க வந்தேன் என்றாராம். பார்க்கின் முகம் மாறுகிறது. ஆள் எப்படி இருந்தார் என்கிறார். சாதாரணமான முகம்தான் என்கிறாள். எப்படிச் சாதாரணம்? சும்மா, சாதாரணமாக.

பார்க் திரும்பி நேராகக் கேமராவுக்குள் பார்க்கிறார். கண் கலங்கி நிற்கிறது. கொலைகாரன் என்றாவது தியேட்டரில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பான், அப்போது இந்தக் கண் அவனைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படி எடுத்ததாக பொங் சொல்லியிருக்கிறார்.

“இங்க யாரைடா பாக்குறான்?” என்றார் அம்மா.

சொன்னேன். நிஜத்தில் கொன்றவன் ஜெயிலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டான், படமாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று கோர்ட்டில் சொன்னான் என்றேன். அந்த எட்டாவது வழக்கையும் சொன்னேன். போலியோ, மூன்று நாள், சுவர், 20 வருடம். அம்மா கீரையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர்கள் ஓடி முடிந்து திரை கருப்பாகிவிட்டது.

“அந்தக் கால் சரியில்லாத புள்ள பாத்துச்சா இந்தப் படத்தை?”

“படம் வந்தப்ப அவரும் உள்ளதாம்மா இருந்தாரு” என்றேன்.